அரசாணிப் பிஞ்சும் என் விரலும்

குழிக்கு மூன்று விதை. அதற்கு மேல் போடக் கூடாது. விதையைச் சாணியில் பொதிந்து, சாம்பல் தூவி, கூர் முனை கீழே போகும்படி ஊன்ற வேண்டும். அம்மா சொல்லச் சொல்ல நான் ஊன்றினேன். அவளால் குனிய முடியவில்லை. வயிற்றில் அஞ்சு மாசம்.

அது பங்குனி மாசம். தொண்ணூற்று நாலோ அஞ்சோ, சரியாக நினைவில்லை. எனக்கு எட்டு வயது. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்பில் குடியிருந்தோம். தோப்பு எங்களுடையது அல்ல. அப்பா அங்கே தேங்காய் உரிப்பார், காவலும் பார்ப்பார். தோப்புக்காரர் ஓட்டு வீடு ஒன்று கொடுத்திருந்தார். வீட்டுக்குப் பின்புறத்தை நாங்கள் பொடக்காளி என்போம். பாத்திரம் கழுவுகிற தண்ணி, குளிக்கிற தண்ணி எல்லாம் அங்கேதான் போகும். அந்தத் தண்ணிக்கு அம்மா காய்கறி போடுவாள். நாலு கத்திரி, ஆறு வெண்டை, கொஞ்சம் மிளகாய். கிளுவை வேலி ஓரமாக அரசாணி. மற்ற ஊர்க்காரர்கள் அதை மஞ்சள் பூசணி என்கிறார்கள்.

அந்த வருசம் வெயில் கடுமை. வாய்க்காலில் தண்ணி நிறுத்திவிட்டார்கள். கிணற்று மோட்டாருக்குக் கரண்டு வந்தால் தொட்டி நிறையும். வராவிட்டால் தொட்டியின் அடியில் கிடப்பதை மொண்டு குடத்தில் சுமக்க வேண்டும். அம்மா சுமந்தாள். நான் சின்னக் குடத்தில் சுமந்தேன். கொடி பிடித்துக்கொண்டது. சித்திரையில் வேலிமேல் ஏறிப் பூத்தது.

சித்திரையில்தான் அத்தையும் வந்து சேர்ந்தாள். அப்பாவுக்கு அக்கா. பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தாள். எனக்குப் பிறகு அம்மாவுக்கு ரெண்டு தடவை வயிறு இறங்கிப்போயிருந்தது. பெரியவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் எனக்கு அது தெரியும். எப்படி இறங்கும், எங்கே போகும் என்று தெரியாது. இந்தத் தடவையாவது தங்கட்டும் என்று அத்தை மாசாணியம்மனுக்கு ஒரு சேவல் நேர்ந்திருந்தாள். சேவலைக் கூடவே கொண்டுவந்திருந்தாள். அது எங்கள் கத்திரிச் செடியைக் கொத்திக்கொண்டு திரிந்தது. சாமிக்கு விட்டது என்பதால் விரட்டவும் முடியாது.

அத்தையிடம் சட்டங்கள் நிறைய இருந்தன. வாசப்படியில் உட்காராதே. உச்சி வெயிலில் வெளியே போகாதே. குடம் தூக்காதே. அம்மா எல்லாவற்றுக்கும் சரிங்க என்பாள். குடம் மட்டும் தூக்கினாள். அத்தை அந்தப் பக்கம் போனதும் தூக்குவாள்.

முதல் பிஞ்சை நான்தான் பார்த்தேன். காலையில் பல் விளக்கப் போனபோது. பூவுக்குக் கீழே கோலிக்குண்டு அளவு, பச்சையாக, மினுமினு என்று. அம்மா அடுப்படியில் இருந்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். விரலை நீட்டிக் காட்டினேன்.

மணிக்கட்டில் பட்டென்று ஓர் அடி விழுந்தது. அத்தை.

"ஏ கழுதை, வெரல நீட்டாத! பிஞ்சு அழுகிப்போயிரும்."

"அப்பறம் எப்படிங்கத்தை காட்டறது?"

"வெரல மடக்கிக் காட்டோணும். இல்லீனா மோவாயில காட்டு. உங்கொப்பன் எதையாச்சுங் காட்டக் கையத் தூக்கறானா பாரு."

"அவரு இன்னுங் கொஞ்சம் சோறு வேணும்னாத்தானுங்க நங்கையா கையத் தூக்குவாரு" என்றாள் அம்மா. நாத்தனாரை அவள் நங்கையா என்றுதான் கூப்பிடுவாள்.

அத்தைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் என்னை விடவில்லை. நீட்டின விரலைக் கடித்து மூன்று தடவை துப்பச் சொன்னாள். துப்பினேன். நாலாம் நாள் பிஞ்சின் நுனி மஞ்சளானது. தொட்டால் கொழகொழ என்று இருந்தது. மறுநாள் கீழே கிடந்தது.

அத்தை என்னைப் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

எனக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. அதனால் ஒரு காரியம் செய்தேன். அடுத்த வாரம் ரெண்டு பிஞ்சு விட்டிருந்தது. ஒன்று வேலியோரம். இன்னொன்று துவைக்கிற கல் பக்கம். வேலியோரப் பிஞ்சுக்கு நேராக விரலை நீட்டிக்கொண்டு நூறு எண்ணும்வரை நின்றேன். கல் பக்கத்துப் பிஞ்சை நேராகப் பார்க்கக்கூட இல்லை. மூன்றாம் நாள் வேலியோரப் பிஞ்சு மஞ்சள் தட்டியது. அஞ்சாம் நாள் அதிலிருந்து தண்ணி வடிந்தது. பிய்த்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தது. கல் பக்கத்துப் பிஞ்சு கொட்டாங்குச்சி அளவு வந்து நன்றாக இருந்தது.

ஈ குத்தி முட்டை வைத்தால் பிஞ்சு அப்படி ஆகும் என்று இப்போது தெரியும். வேலியோரம் ஈ அதிகம். அன்றைக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். நான் சோதித்துப் பார்த்தவள்.

அன்றிலிருந்து என் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்தால் எனக்கே பயம். கொஞ்சம் பெருமையும் இருந்தது, பொய் சொல்வானேன். தோப்புக்காரர் நாய் என்னைத் துரத்தியபோது ஒரு தடவை அதை நோக்கி நீட்டிப் பார்த்தேன். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. நாய் பிஞ்சு இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். பிஞ்சுக்குத்தான் ஆகாது.

வைகாசி பிறந்து சில நாளில் தோப்புக்காரர் வீட்டம்மா வெண்டைக்காய் கேட்டு வந்தார். எங்கள் வெண்டை அவருக்குப் பிடிக்கும். அம்மா பறித்துக்கொண்டிருந்தாள். அத்தை உள்ளே மிளகாய் இடித்துக்கொண்டிருந்தாள். அந்தம்மா என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"ஏனம்மிணி, உங்கம்மா வவுத்துல இருக்கறது தம்பியா, தங்கச்சியா? சின்னப்புள்ளைக சொன்னாப் பலிக்கும்பாங்க."

பெரிய வீட்டு அம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "தம்பிங்க" என்றேன். சும்மா சொல்லவில்லை. நேராக அம்மாவின் வயிற்றைக் காட்டிச் சொன்னேன். விரல் நுனி அவள் சேலையில் பட்டது.

அந்தம்மா சிரித்தார். "வாயில சக்கரையத்தான் போடோணும்" என்றார். அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் விரலைப் பிடித்தாள். மெதுவாக மடக்கிவிட்டாள். அப்போதுதான் நான் என் கையைப் பார்த்தேன்.

அதே விரல்.

ஓடிப்போய்த் தோப்புக்குள் நின்று விரலைக் கடித்தேன். மூன்று தடவை துப்பினேன். பிறகு இன்னும் மூன்று. அத்தை சொன்னபடி கடித்துத் துப்பியும் முதல் பிஞ்சு தப்பவில்லை. அது நினைவுக்கு வந்ததும் துப்புவதை நிறுத்திவிட்டேன்.

பிஞ்சுக்கு நாலு நாள் கணக்கு. நான் நாட்களை எண்ணினேன். ஒவ்வொரு காலையிலும் எழுந்ததும் அம்மாவின் முகத்தைத்தான் பார்ப்பேன், மஞ்சள் தட்டியிருக்கிறதா என்று. அம்மா மஞ்சள் தேய்த்துக் குளிக்கிறவள். முகம் எப்போதும் மஞ்சள்தான். எது எந்த மஞ்சள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் குளிக்கும் முன் பார்க்க வேண்டும் என்று இருட்டு விலகுவதற்குள் எழுந்துவிடுவேன்.

"எந்நேரமும் உங்கம்மா மூஞ்சியிலயே என்னடி பாக்கற? சினிமாவா ஓடுது?" என்றாள் அத்தை.

நாலு நாள் போயிற்று. அம்மா நன்றாக இருந்தாள். அஞ்சாம் நாளும் போயிற்று. ஆறாம் நாள் எனக்குப் பசித்தது. ரெண்டு தட்டுச் சோறு தின்றேன். அன்று சாயங்காலம் செடிக்குத் தண்ணி ஊற்றும்போது ஒன்று தோன்றியது. கோலிக்குண்டு அளவுப் பிஞ்சுக்கு நாலு நாள். அம்மாவின் வயிறு எவ்வளவு பெரிசு. அதற்கு எத்தனை நாள் ஆகும்? இதற்கு என்னிடம் கணக்கு இல்லை. குடத்தை வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

சொல்லிவிடலாம் என்று ரெண்டு தடவை போனேன். ஒரு தடவை அத்தையிடம். அவள் சேவலுக்குக் கம்பு போட்டுக்கொண்டிருந்தாள். "இது மட்டும் நல்லபடியா ஆகலீனா, என்ற பொறந்தவனுக்கு நான் என்ன பதில் சொல்றது" என்று சேவலிடம் பேசிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்துவிட்டேன். இன்னொரு தடவை அப்பாவிடம். அப்பா தரையில் நட்ட பாரையில் தேங்காயைக் குத்தி மட்டையைத் திருகிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "ம்?" என்றார். நான் ஒன்றும் இல்லை என்றேன். "ம்" என்றார். எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

மூன்று நாள் கரண்டு வரவில்லை. கத்திரி இலை தொங்கிவிட்டது. கொடியும் வாடியது. கல் பக்கத்துக் காய் மட்டும் பெரிதாக, மேலே சாம்பல் பூத்துக் கிடந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அத்தை குளிக்கப் போனதும் பெரிய குடத்தை எடுத்தாள்.

"நான் ஊத்தறேம்மா."

"நீ ஊத்துனா நாக்கு நனையாது அதுக்கு. சும்மா இரு கண்ணு."

நாலு குடம் சுமந்தாள். அஞ்சாவது குடத்தை அரசாணிக் குழியில் சாய்த்தாள். சாய்த்தவள் நிமிரவில்லை. வேலியைப் பிடித்தாள். கிளுவை முள் அவள் உள்ளங்கையில் ஏறியது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை. அப்படியே குழி ஓரம் உட்கார்ந்தாள். முகத்தில் மஞ்சள் இல்லை. வெள்ளையாக இருந்தது.

"அத்தையக் கூப்புடு" என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள்.

பிறகு நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது. அத்தை ஈரச் சேலையோடு ஓடி வந்தாள். அப்பா வந்தார். தேங்காய் ஏற்ற நின்ற டெம்போவில் பாதிக் காயைக் கீழே தள்ளி, சாக்கு விரித்து, அம்மாவைப் படுக்க வைத்தார்கள். அப்பாவும் அத்தையும் ஏறிக்கொண்டார்கள். டிரைவர் ஆரன் அடித்துக்கொண்டே போனார். என்னைக் கூட்டிப் போக யாருக்கும் நினைவு வரவில்லை.

வீட்டில் நானும் சேவலும்.

அரசாணிக் குழி ஈரமாக இருந்தது. குடம் உருண்டு கிடந்தது. நான் அடுப்படிக் கதவுக்குப் போனேன். கனமான பலகைக் கதவு. கீல் இருக்கும் பக்கம் ஒரு சந்து உண்டு. விரலை அதற்குள் வைத்தேன். விரல் இல்லாமல் போனால் அது செய்ததும் இல்லாமல் போகும் என்று நினைத்தேன். இன்னொரு கையால் கதவைச் சாத்தினேன். முதல் தடவை பயந்து மெதுவாகச் சாத்திவிட்டேன். ரெண்டாம் தடவை சரியாகச் சாத்தினேன்.

நகம் போயிற்று. விரல் போகவில்லை.

சாயங்காலம் அத்தை மட்டும் திரும்பி வந்தாள். என் கையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது? கதவுக்கு நடுவுல கைய வெக்கறதுக்கு இதாடி நேரம்?" என்றாள். திட்டிக்கொண்டே மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து வைத்துத் துணி சுற்றினாள். அம்மாவைப் பற்றிக் கேட்டேன். நாளைக்குப் போலாம் சாமி என்றாள். அத்தை என்னைச் சாமி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் டவுன் பஸ்ஸில் போனோம். அத்தை மடியில் தூக்குப்போசி. அதில் கஞ்சி. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தார். அவர் கால் விரல் இடுக்கில் செம்மண் ஒட்டியிருந்தது. எங்கேயோ குழி தோண்டிவிட்டு வந்த கால். என்னைப் பார்த்தார். ம் என்றுகூடச் சொல்லவில்லை.

அம்மா கட்டிலில் படுத்திருந்தாள். போர்வை தட்டையாக இருந்தது.

அந்தத் தட்டையைப் பார்த்தபடி நின்றேன். பக்கத்துக் கட்டில் பெண் யாரிடமோ சொன்னாள்: "பையனாமா. ரெண்டு மணி நேரம் உசுரோட இருந்துச்சாமா." தம்பி என்று நான் சொன்னது பலித்திருந்தது. அப்போது மற்றதும் நான் செய்ததுதான்.

"கையில என்ன கண்ணு?" என்றாள் அம்மா.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதல் பிஞ்சு, வேலியோரப் பிஞ்சு, நூறு எண்ணியது, தோப்புக்காரர் வீட்டம்மா, கதவு. "நாந்தாம்மா அழுக வெச்சேன்" என்றேன். அத்தை தூக்குப்போசியைத் திறந்துகொண்டிருந்தாள். அவள் கை நின்றுவிட்டது. அவள் என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தை இன்னும் மறக்கவில்லை.

அம்மா அத்தையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் கட்டுப் போட்ட விரலை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நீ இல்ல கண்ணு. நீ காட்டறதுக்கு முந்தியே நாங் காட்டிப்போட்டேன்."

"என்ன சொல்ற நீ?" என்றாள் அத்தை.

"ஆமாங்க நங்கையா. மொதப் பிஞ்சு உட்டன்னிக்கே. தெனமும் வெரல நீட்டித்தான் எண்ணிட்டிருந்தேன். வவுத்தையுந் தொட்டுத் தொட்டு எத்தன மாசம்னு காட்டிட்டிருந்தேன்." மூச்சு வாங்கினாள். "ஒருத்தரு காட்டிப்போட்டா அப்பறம் இன்னொருத்தரு காட்டறதுல ஒண்ணும் ஆவாது சாமி. மொத வெரலுதான் கணக்கு."

அத்தை தூக்குப்போசியைத் திரும்ப மூடினாள்.

"தெரிஞ்சுமாடி செஞ்ச?" என்றாள் பிறகு. "ஊருல ஒரு பொம்பள செய்வாளா இத? உன்ற வவுத்துக்கு நீயே எமனாயிட்டியே."

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். என் விரலை மட்டும் விடவில்லை.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? பெரிய குடத்தைத் தலையிலிருந்து யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. நான் இல்லை. என் விரல் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் அப்பா பன் வாங்கிக் கொடுத்தார். ரெண்டு பன் தின்றேன். திரும்பும்போது பஸ்ஸிலேயே தூங்கிவிட்டேன்.

தூங்கி எழுந்தபோது அம்மாமேல் கோபம் வந்தது. பதினாலு நாள் நான் செத்துப் பிழைத்திருக்கிறேன், செய்தது அவள். நகம் வேறு போயிற்று. அவள் வீட்டுக்கு வந்த பிறகும் கிட்டே போகாமல் இருந்தேன். அவள் கூப்பிட்டால் அத்தை பின்னால் போய் நின்றுகொள்வேன். அம்மா வாடின கத்திரியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அதே இடத்தில் கீரை விதைத்தாள்.

முதல் பிஞ்சை நான்தான் பார்த்தேன். நான் போய் இழுத்து வந்துதான் அம்மா அதைப் பார்த்தாள். எனக்கு முந்தி அவள் எப்படிக் காட்டியிருக்க முடியும்? இது ஒரு சின்னக் கணக்கு. இதைப் போட்டுப் பார்க்க எனக்கு ஏறக்குறைய இருபது வருசம் பிடித்தது. அதற்குள் அம்மா இல்லை. விரல் நீட்டினால் பிஞ்சு அழுகும் என்பதை அவள் நம்பினாளா, நம்பவில்லையா, அதையும் கேட்காமல் விட்டுவிட்டேன். நம்பியிருந்தால் அவள் செய்தது இன்னும் பெரிசு.

அத்தை பொல்லாதவள் அல்ல. ஆனால் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். பொள்ளாச்சி வரைக்கும் சொந்தபந்தம், ஒறம்பறை எல்லாருக்கும் அது தெரிந்துபோயிற்று. வளைகாப்புக்கு அம்மாவைக் கூப்பிட மாட்டார்கள். காய் பிடித்திருக்கும் தோட்டத்துக்குள் அவள் நுழைந்தால் பேச்சுக் கொடுத்து வாசலுக்குக் கூட்டி வந்துவிடுவார்கள். அம்மாவும் பேசிக்கொண்டே வந்துவிடுவாள்.

அடுத்த வருசம் அத்தை மகளுக்குக் குழந்தை பிறந்தது. நாங்கள் பார்க்கப் போனோம். தூளியில் ஆண் குழந்தை. கூடம் நிறையப் பெண்கள். எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அம்மா கடைசியாகப் போனாள். தூளித் துணியை விலக்கக் கையை நீட்டினாள்.

"அம்மா, வெரல மடக்கிக்கோ!" என்று கத்தினேன்.

கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அஞ்சு விரலையும் மடக்கினாள். கையைச் சேலைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டாள். நிலைப்படி வரைக்கும் பின்னால் நகர்ந்து அங்கிருந்தே குழந்தையைப் பார்த்தாள். வெவரமான புள்ள என்று யாரோ என் தலையைத் தடவினார்கள். அத்தை ஒரு லட்டு கொடுத்தாள்.

லட்டைத் தின்றுகொண்டே நிமிர்ந்தேன். அம்மா குழந்தையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஒரு காரியம் நல்லபடியாக முடிந்த மாதிரி இருந்தது அந்த முகம். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. லட்டில் முந்திரி இருந்தது. அதைத் தேடிக்கொண்டிருந்தேன்.